இறக்கிய போலோ, உரசிய டயர்: கோவை வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 2015-இல் வாங்கிய ஃபோக்ஸ்வேகன் போலோ. 1.2 டி.எஸ்.ஐ. பெட்ரோல் இன்ஜின், 70,000 கிலோமீட்டரைத் தாண்டியது. உரிமையாளர் சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் இளைஞர். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். வார நாட்களில் வண்டியில் அவர் மட்டும்தான் இருப்பார். வாரக் கடைசியில் அப்பா, அம்மா, தங்கை மூவரும் ஏறுவார்கள், டிக்கியில் பை, மூட்டை, சில நாள் தேங்காயும் ஏறும். இந்த விவரத்தை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் வந்த தொல்லை பெரும்பாலும் இந்த இரண்டு வாழ்க்கைக்கும் நடுவில்தான் இருந்தது.

போலோவின் கம்பெனி உயரம் நம் ரோட்டுக்கென்று ஏற்றப்பட்டது. ஐரோப்பாவில் விற்ற அதே மாடல் இதைவிடத் தாழ்ந்து நின்றது. அதனால் இங்கே டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நான்கு விரல் நுழையும் அளவு இடைவெளி தெரியும். வண்டி நன்றாக ஓடும், ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் பந்தயம் பார்த்து வளர்ந்த கோவைப் பையன்களுக்கு அது கண்ணை உறுத்துவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பந்தய வண்டியில் ஒரே ஆள் உட்காருகிறார், தரையும் வழுவழுப்பானது. அந்த வண்டியைப் பார்த்து வீட்டு வண்டியின் உயரத்தை முடிவு செய்தால் கணக்கு இடிக்கும்.

இளைஞர் ஒரு கடையில் மொத்தமாக ஒரு செட் போட்டுக்கொண்டார். ஐரோப்பியத் தயாரிப்பு லோயரிங் ஸ்பிரிங் (வண்டியின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்), பெட்டியில் ‘30 மி.மீ.’ என்று போட்டிருந்தது. கூடவே 16 அங்குல அலாய் வீல், அகலம் 7ஜே (7 அங்குலம்), ஆப்செட் 35 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வண்டியில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்ற அளவு, எண் குறைந்தால் வீல் வெளியே வரும்). அதன்மேல் 205/50 ஆர்16 டயர் (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 50 சதவீதம், ரிம் 16 அங்குலம்). கம்பெனி வீல் 15 அங்குலம், 6ஜே அகலம், ஆப்செட் 40, டயர் 185/60 ஆர்15. ஷாக் அப்சார்பர் பழையதே.

முதல் அறிகுறிகள்

தனியாக ஓட்டிய நாட்களில் குறை ஒன்றும் தெரியவில்லை. வளைவில் வண்டி சாயாமல் போகிறது என்று அவருக்குச் சந்தோஷம். நால்வராக முதல் தடவை பொள்ளாச்சி கிளம்பியபோது கிணத்துக்கடவு தாண்டி ஒரு வேகத்தடையில் பின்பக்கம் ‘கர்ர்ர்’ என்று சத்தம். அப்புறம் மேம்பால இணைப்பு ஒவ்வொன்றிலும் அதே சத்தம். ரிவர்ஸில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் முன்பக்கம் பிளாஸ்டிக் தேய்கிற ஓசை. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுக்கம்.

போட்ட கடையிலேயே திரும்பக் காட்டினார். அவர்கள் பின் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் ரப்பர் பஃபர் செருகிக் கொடுத்தார்கள். வண்டி உயரமாக வேண்டும் என்பவர்களுக்கு நம் ஊரில் வழக்கமாகப் போடும் அதே பஃபர்தான். இறக்குவதற்கு ஒரு பொருள் வாங்கி, அது அதிகமாக இறங்கிவிட்டது என்று ஏற்றுவதற்கு இன்னொன்று வாங்கியது போல ஆயிற்று. உரசல் குறைந்தது. பதிலுக்குப் பின்சீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொரு குழிக்கும் துள்ள ஆரம்பித்தார்கள். நடுக்கத்துக்கு இரண்டு இடத்தில் வீல் பேலன்சிங் செய்தும் போகவில்லை.

எங்கள் பட்டறைக்கு வண்டி வந்தபோது கூடவே அப்பாவும் வந்திருந்தார். “வண்டில ஏறவே குனிய வேண்டியிருக்குதுங்க. ஏறுனா இடுப்பு போகுது. இத பழையபடி ஆக்கிக் குடுத்துருங்க.” மகன், “அப்பா, கொஞ்சம் இருங்க, அவங்க பாக்கட்டும்,” என்றார். ஒரே வண்டிக்கு இரண்டு வாடிக்கையாளர் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அளந்தபோது கண்டது

உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீலைக் கழற்றியபோது போல்ட் தப்பாக இருந்தது. போலோவில் ஸ்டட்டும் நட்டும் கிடையாது. எம்14×1.5 போல்ட் நேராக ஹப்பில், அதாவது வீல் உட்கார்ந்து சுழலும் பகுதியில், ஏறும். கம்பெனி போல்ட்டின் தலைக்கு அடிப்பாகம் உருண்டை வடிவம். வெளியில் வாங்கும் அலாய் வீல்களில் பெரும்பாலானவற்றின் குழி கூம்பு வடிவம். உருண்டைத் தலையைக் கூம்புக் குழியில் இறுக்கினால் முழுப் பரப்பும் உட்காராமல் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் பிடிக்கும், ஓட ஓடத் தளரும். அந்த வண்டியில் அப்படித்தான் இருந்தது. மற்றதெல்லாம் பிறகு, இது இல்லாமல் வண்டி வெளியே போகாது என்று சொல்லி அன்றே கூம்புத் தலை போல்ட் போட்டு 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினோம்.

நடுக்கத்தின் காரணமும் அங்கேயே கிடைத்தது. போலோவின் ஹப் நடுமேடு 57.1 மி.மீ. அலாய் வீலின் நடு ஓட்டை 73.1. பல வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்று பெரிதாகவே வைப்பார்கள், நடுவில் ஒரு வளையம் போட்டு நிரப்ப வேண்டும். அந்த வளையம் இல்லை. வீல் மையத்தில் உட்காராதபோது எத்தனை பேலன்சிங் செய்தும் பயன் இல்லை. வளையம் போட்டதும் நடுக்கம் நின்றது.

இனி உயரம். தரையிலிருந்து மட்கார்டு வரை அளக்கும் வழக்கம் உண்டு, ஆனால் டயர் மாறியிருந்தால் அந்த அளவு ஏமாற்றும். ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். எதுவும் மாற்றாத அதே மாடல் வண்டி ஒன்றை அதே தரையில் நிறுத்தி ஒப்பிட்டோம். பஃபரை எடுத்துவிட்டு அளந்ததில் முன்பக்கம் 41 மி.மீ., பின்பக்கம் 46 மி.மீ. இறங்கியிருந்தது. பெட்டியில் போட்டிருந்தது 30.

ஸ்பிரிங் கம்பெனி பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்ன 30 ஐரோப்பிய போலோவின் உயரத்திலிருந்து 30. லோயரிங் ஸ்பிரிங் என்பது ஒரு வண்டியைக் குறிப்பிட்ட உயரத்தில் கொண்டுபோய் நிறுத்தும் பொருள். எங்கிருந்து புறப்படுகிறோம் என்பது அதற்குத் தெரியாது. நம் வண்டி மேலிருந்து புறப்பட்டதால் இறங்கிய தூரம் கூடிவிட்டது. அத்தோடு, இந்த வகை ஸ்பிரிங்குகளை முன் அச்சு எடை வாரியாகப் பட்டியல் போட்டு விற்பார்கள், டீசல் இன்ஜினுக்கு ஒன்று, எடை குறைந்த பெட்ரோலுக்கு ஒன்று. இந்த செட் அந்த வகையில் சரியான பாக எண்தான். தவறு பாக எண்ணில் இல்லை, அந்த 30-ஐ அப்படியே நம்பியதில் இருந்தது.

அடுத்துச் செய்ததுதான் இந்த ஆய்வில் முக்கியமான பகுதி. பின் ஸ்பிரிங்குகளை வெளியே எடுத்துவிட்டோம். போலோவின் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் வீலையும் இணைக்கும் ஒரே சட்டம். ஸ்பிரிங் தனி, ஷாக் தனி, அதனால் இது சுலபம். பிறகு பீமுக்கு அடியில் ஜாக்கி வைத்து வீலை மெல்ல ஏற்றினோம், பம்ப் ஸ்டாப் (வீல் ஏறுவதைக் கடைசியில் தடுக்கும் மெத்தைத் துண்டு) முழுக்க நசுங்கும் வரை. வண்டி எவ்வளவு பெரிய குழியில் விழுந்தாலும் வீல் இதற்குமேல் ஏறாது. அங்கே டயரின் தோளுக்கும் மட்கார்டின் உள்மடிப்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கம்பெனி வீலை மாட்டிப் பார்த்தபோது 12 மி.மீ. இடம். டயர் மடிப்புக்கு உள்ளே தாராளமாக ஏறிப் போனது. புது வீலில் டயர் மடிப்பில் முட்டியது, சுமார் 6 மி.மீ. வெளியே நின்றது. கணக்கும் அதையே சொல்கிறது. 6ஜே என்றால் 152.4 மி.மீ., அதில் பாதி 76.2, ஆப்செட் 40-ஐக் கழித்தால் ரிம்மின் வெளி விளிம்பு ஹப் முகத்திலிருந்து 36.2 வெளியே நிற்கும். 7ஜே என்றால் 177.8, பாதி 88.9, ஆப்செட் 35 போனால் 53.9. வித்தியாசம் 17.7 மி.மீ. இருந்த இடம் 12, வெளியே தள்ளியது 17.7. ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே உரசல் இங்கே உறுதியாகிவிட்டது.

இதை உரிமையாளருக்கு விளங்க வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “இறக்கினதாலதான உரசுது?” என்பது அவர் கேள்வி. கம்பெனி ஸ்பிரிங்கோடு இதே வீலைப் போட்டிருந்தாலும் பெரிய குழியில் உரசியிருக்கும், மாதத்துக்கு ஒரு தடவை. இறக்கியதால் அது மேம்பாலத்துக்கு ஒரு தடவை ஆயிற்று. உரசுமா உரசாதா என்பதை வீலின் அகலமும் ஆப்செட்டும் முடிவு செய்கின்றன. எத்தனை தடவை என்பதைத்தான் ஸ்பிரிங் முடிவு செய்கிறது. முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே தூண்), வீல் ஏறும்போது மேல்பக்கம் சற்று உள்ளே சாய்ந்துகொள்ளும், அதனால் மடிப்பில் தப்பிக்கும். பின்பக்க டார்ஷன் பீமில் அந்தச் சலுகை கிடையாது, டயர் ஏறக்குறைய நேராக மேலே போகும். பின்னால் மட்டும் மட்கார்டு உரசியதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பக்கத்தில் வேறு இடத்தில் பட்டது. டயர் வெளியே தள்ளி நிற்பதால் திரும்பும்போது பெரிய வட்டம் போடுகிறது, மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பான லைனரின் பின் ஓரத்தைத் தொட்டுவிட்டது.

ஸ்பிரிங் அமுங்க மிச்சமிருந்த தூரத்தையும் அளந்தோம். கம்பெனி உயரத்தில் காலி வண்டியின் பின்பக்கம் பம்ப் ஸ்டாப்பைத் தொட 85 மி.மீ. இறங்க வேண்டும். 46 போனால் மிச்சம் 39. பின்சீட்டில் இரண்டு பேரும் டிக்கியில் மூட்டையும் சேர்ந்தால் ஒரு வீலுக்கு 75 கிலோ அளவில் கூடும். கம்பெனி ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஏறக்குறைய 2 கிலோ கேட்கும், ஆக 37 மி.மீ. அமுங்கும். புது ஸ்பிரிங் கொஞ்சம் கடினம் என்பதால் 33, 34. நால்வரை உட்கார வைத்து அளந்தபோது பம்ப் ஸ்டாப்புக்கு மிச்சம் 5 மி.மீ. இருந்தது. அப்பாவுக்கு இடுப்பு வலித்தது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பஃபர் செருகியபோது அதுவும் பம்ப் ஸ்டாப் போலத்தான் வேலை செய்தது, இன்னும் முன்கூட்டியே.

கடைசியாக ஒன்று. வண்டியைத் தூக்கி வீலைத் தொங்கவிட்டபோது பின் ஸ்பிரிங் இருக்கையில் இறுக்கமாக இல்லை, 10 மி.மீ. அளவுக்கு ஆடியது. வேகத்தடையின் மறுபக்கம் வீல் கீழே இறங்கும்போது ‘டங்’ என்று கேட்டது இதுதான். ஸ்பிரிங் தொங்கும் நிலையிலும் இருக்கையை விட்டு நகரக் கூடாது. ஜப்பானில் வாகனச் சோதனையில் இதைத் தனியாகவே பார்ப்பார்கள். பின் ஷாக் இரண்டிலும் எண்ணெய்க் கசிவு. முன் ஷாக்கும் தளர்ந்திருந்தது. வலப்பக்கப் பின் டயரின் தோளில் சுற்றிலும் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்த டயரை எப்படியும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பேசிய வழிகள்

மட்கார்டு மடிப்பை உருளைக் கருவியால் மேலே மடித்துவிடுவது முதல் யோசனை, உரிமையாளரே கொண்டுவந்தது. சூடு காட்டி மெல்லச் செய்தால் 8 மி.மீ. வரை கிடைக்கும். 6 மி.மீ. முட்டுகிற இடத்தில் 8 கிடைத்தால் 2 மி.மீ. மிச்சம், அது இடமே இல்லை என்பதற்குச் சமம். வளைவில் டயரின் பக்கச்சுவர் அதைவிட அதிகமாகப் பிதுங்கும். பத்து வருட பெயின்ட் மடிப்பில் விரிசல் விட்டால் மழைக்காலத்தில் துரு பிடிக்கும். வேண்டாம் என்றோம். பின் அச்சில் ஆப்பு வைத்து வீலை உள்ளே சாய்ப்பது இரண்டாவது. செய்யலாம், டயரின் உள்ஓரம் சீக்கிரம் தேயும். அதுவும் வேண்டாம்.

எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி ஆக்குவது அப்பாவின் விருப்பம். நியாயமான வழிதான். கம்பெனி ஸ்பிரிங்கும் வீலும் வீட்டில் பத்திரமாக இருந்தன. மகன் சம்மதிக்கவில்லை. சரி, எவ்வளவு இறக்கினால் இருவருக்கும் ஒத்துவரும் என்று கேட்டபோது பேச்சு உருப்படியாக நகர ஆரம்பித்தது.

சட்டத்தையும் அப்போது எடுத்துச் சொன்னோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம்தான் மாற்றம் என்று சட்டமே விளக்கம் தருகிறது, ஸ்பிரிங் அதில் வருமா என்று வாதாடலாம். ரோட்டோரம் நின்று வாதாட முடியாது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாக இருக்கலாம். இதைச் சொல்லாமல் எந்த வண்டியிலும் ஸ்பிரிங்கைத் தொடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். மகன் கேட்டுக்கொண்டு, யோசித்து வருகிறேன் என்று போனார், அடுத்த வாரம் வந்தார்.

எடுத்த முடிவும் காரணமும்

வரிசையை மாற்றினோம். பொதுவாக முதலில் ஸ்பிரிங், அப்புறம் வீல், கடைசியில் உரசலுக்கு மருந்து. நாங்கள் வீலில் தொடங்கினோம்.

7ஜே வீல்களை அவர் கொடுத்து மாற்றிக்கொண்டார், நஷ்டத்துக்குத்தான். புதியது 16 அங்குலம், 6.5ஜே, ஆப்செட் 42. டயர் 195/55 ஆர்16. பிந்தைய ஆண்டுகளில் போலோவின் உயர் மாடலில் 16 அங்குல வீலோடு கம்பெனியே கொடுத்த டயர் அளவு அது, எந்தக் கடையிலும் கிடைக்கும். வெளி விளிம்பு கம்பெனி வீலைவிட 4 மி.மீ. மட்டும் வெளியே வரும். மடிப்பில் இருந்த 12-இல் 8 மிஞ்சும். உள்பக்கம் 8 மி.மீ. ஸ்ட்ரட்டை நோக்கி நகரும், அங்கே 16 இருந்ததால் அதுவும் பாதி மிஞ்சியது. ரிம் வெளியே நகர்வதை மட்டும் பார்த்து உள்பக்கத்தை மறப்பவர்கள் உண்டு. ஸ்ட்ரட்டில் உரசினால் சத்தம் லேசாகத்தான் கேட்கும், டயரின் உள்சுவர் அறுந்துகொண்டே இருக்கும். 5 மி.மீ.-க்குக் கீழே நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை.

டயர் அளவில் ஒரு லாபமும் இருந்தது. 185/60 ஆர்15-இன் விட்டம் 603 மி.மீ., 195/55 ஆர்16-இன் விட்டம் 621. ஆரத்தில் 9 மி.மீ. கூடுதல். வண்டியின் அடிப்பாகம் 9 மி.மீ. உயரும், அதே நேரம் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தெரியும் இடைவெளி 9 மி.மீ. குறையும். ஸ்பிரிங் 22 மி.மீ. இறக்கினால் கண்ணுக்கு 31 இறங்கியது போலத் தெரியும், தரைக்கும் வண்டிக்கும் நடுவில் குறைவது 13 மட்டும். மகனுக்கு வேண்டியது அந்த 31, அப்பாவுக்கு வேண்டியது அந்த 13. பழைய செட்டில் பின்பக்கம் இது 50-க்கு 42 என்று இருந்தது. ஸ்பீடோமீட்டர் முன்பைவிட மூன்று சதவீதம் குறைத்துக் காட்டும் என்பதையும் சொல்லி வைத்தோம்.

ஸ்பிரிங் இந்தியாவில் செய்தது, நம் ஊர் உயரத்தை அடிப்படையாக வைத்துச் சுற்றியது. பெயருக்கு 25 என்று விற்கிறார்கள். வாங்குமுன் அதே செட் போட்ட வேறொரு வண்டியை ஹப்பிலிருந்து அளந்து பார்த்தோம், முன் 24, பின் 22. பின் ஸ்பிரிங்கின் கடினம் மில்லிமீட்டருக்கு 2.4 கிலோ, கம்பெனியைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். 85-இல் 22 போனால் 63. அதே 75 கிலோ ஏறினால் 31 அமுங்கும். மிச்சம் 32 மி.மீ. முன்பு 5 இருந்த இடத்தில் 32. இதற்கும் கீழே இறக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் குடும்பத்தில் யாரை இறக்கிவிடுவது என்று நாங்கள் திருப்பிக் கேட்போம்.

ஷாக் நான்கும் புதிது, கம்பெனி அளவே. இந்த இறக்கத்துக்குக் குட்டை ஷாக் தேவைப்படாது, 35-ஐத் தாண்டினால் வேண்டியிருக்கும். கூடவே பம்ப் ஸ்டாப், முன் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், பேரிங். எப்படியும் பிரித்தாகிவிட்டது, பழைய பேரிங்கைத் திரும்ப மாட்டினால் கூலிதான் இரண்டாவது தடவை ஆகும்.

பொருத்தியதும் நடந்ததும்

முன் கன்ட்ரோல் ஆர்மின் (முன் வீலைக் கீழே பிடித்திருக்கும் கை) புஷ் போல்ட்டுகளும் பின் பீமின் புஷ் போல்ட்டுகளும் வண்டி தன் காலில் நின்ற பிறகுதான் கடைசியாக இறுக்கப்பட்டன. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும், ஒரு வருடத்தில் கிழியும். சில பட்டறைகளில் அவசரத்தில் விட்டுவிடும் வேலை இது.

பின் ஸ்பிரிங் இல்லாமல் மறுபடி ஜாக்கி சோதனை செய்தோம். மட்கார்டு மடிப்பில் களிமண் உருண்டை ஒட்டி, டயர் அதை எந்த அளவுக்கு நசுக்குகிறது என்று பார்த்தோம். மிஞ்சிய கனம் 7 மி.மீ. கணக்கில் வந்தது 8. தொங்கும் நிலையில் ஸ்பிரிங் இருக்கையில் இறுக்கமாக இருந்தது.

முன்பக்கம் மட்டும் கொஞ்சம் தகராறு செய்தது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ரிவர்ஸ் எடுத்தால் இடப்பக்க லைனரின் ஒரு மடிப்பு லேசாகத் தொட்டது. பழைய உரசலில் அந்தப் பிளாஸ்டிக் ஏற்கெனவே இழுபட்டு வெளியே வந்திருந்தது. ஹீட் கன் காட்டிப் பின்னுக்கு அழுத்தி, விட்டுப்போயிருந்த ஒரு ஸ்க்ரூவை மாட்டியதும் சரியாயிற்று. லைனர் உரசலும் மட்கார்டு உரசலும் ஒன்றல்ல. முன்னதில் பிளாஸ்டிக் தேயும், பின்னதில் டயர் அறுபடும். சத்தத்தைக் கேட்டு மட்டும் பிரிக்க முடியாது, வீலைக் கழற்றி எங்கே பளபளக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அலைன்மென்ட் அன்றே ஒரு தடவை, பிறகு ஸ்பிரிங் அமர்ந்ததும் இன்னொரு தடவை. புது ஸ்பிரிங் ஓட ஓட இன்னும் சில மில்லிமீட்டர் இறங்கும், அதற்குள் போட்ட அலைன்மென்ட் மாறிவிடும். ஹெட்லைட்டின் உயரத்தையும் சுவரில் அடித்துப் பார்த்துத் திருத்தினோம்.

சோதனை ஓட்டத்துக்கு நால்வரும் மூட்டையும் வேண்டும் என்று நிபந்தனை வைத்தோம். அவர்கள் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினார்கள், 40 கொண்டை ஊசி வளைவு. மட்கார்டு மடிப்பு முழுக்க வெள்ளை சாக்பீஸ் பூசி அனுப்பியிருந்தோம். திரும்பி வந்தபோது நான்கு மடிப்பிலும் சாக்பீஸ் கலையாமல் இருந்தது. முன் லைனரில் ஒரு இடத்தில் விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது, விட்டுவிட்டோம்.

வேகத்தடை வேறு விஷயம். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி உருண்டை வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். அந்த மாதிரித் தடை ஒன்றிலும் வண்டி தட்டவில்லை. அவர் வீட்டுத் தெருவில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய சிமென்ட் மேடு ஒன்று இருக்கிறது. நால்வர் இருந்தால் அதில் அடி தட்டுகிறது. சாய்வாக ஏற்றி இறக்குகிறார். கம்பெனி உயரத்தில் தட்டியதில்லை என்பதால் இதை இறக்கியதன் விலை என்றுதான் எழுத வேண்டும்.

அப்பாவுக்கு இப்போதும் முழுத் திருப்தி இல்லை. இடுப்பு வலி போயிற்று என்று ஒத்துக்கொண்டார். வீல் எதற்கு இவ்வளவு பளபளப்பு என்று கேட்டார், அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அடுத்த சர்வீஸில் பார்த்தபோது முன் டயர்களின் உள்ஓரம் வெளிஓரத்தைவிடச் சற்றே அதிகம் தேய்ந்திருந்தது. ஸ்ட்ரட் இறங்கினால் கேம்பர் (வீல் உள்ளே சாயும் கோணம்) கொஞ்சம் கூடும், போலோவில் அதைத் திருத்த முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமை நகர்த்தும் அளவுக்குத்தான் வழி உண்டு. டோ அளவை (வீல்களின் முன் ஓரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பதை) சரிபார்த்து, டயர்களை முன்பின் மாற்றிப் போட்டோம். பின் ஷாக்கில் கசிவு இல்லை.

எங்கள் பட்டறையில் மாறியது

ஸ்பிரிங் கேட்டு வருபவரிடம் எத்தனை மி.மீ. இறக்க வேண்டும் என்று இப்போது முதலில் கேட்பதில்லை. வண்டியில் வழக்கமாக எத்தனை பேர் போவார்கள் என்று கேட்டு, நிறைந்த நிலையில் பம்ப் ஸ்டாப்புக்கு மிச்சம் 25 மி.மீ. வருமா என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறோம். வீலும் மாற்றுவதாக இருந்தால், பின் ஸ்பிரிங்கைக் கழற்றி ஒரே ஒரு புது வீலை மாட்டி ஜாக்கியில் ஏற்றிப் பார்ப்போம், டயர் வாங்கிப் பூட்டிய பிறகு அல்ல, கடைக்காரரிடம் ஒன்றைக் கடன் வாங்கி முன்னாலேயே. ஒரு மணி நேர வேலை, அதற்குக் கூலியும் வாங்குகிறோம். சிலர் முனகுவார்கள். ஒருவர் அந்தச் சோதனையைப் பார்த்துவிட்டு, வீல் மட்டும் போதும் ஸ்பிரிங் வேண்டாம் என்று போய்விட்டார். ஐரோப்பியப் பட்டியலில் 30 என்று இருந்தால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, அதே ஸ்பிரிங் போட்ட உள்ளூர் வண்டி ஒன்றை ஹப்பிலிருந்து அளந்த பிறகுதான் ஆர்டர் கொடுக்கிறோம்.